பக்கத்து வீட்டுக் கூரையும் நம்மைப் பார்க்கிறது

மதியம் ஒன்றேகால் மணிக்கு, சீலிங் இல்லாத தகரக் கூரை வீட்டுக்குள் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். 33 டிகிரி காட்டும், மிஞ்சிப்போனால் 34. வாசலில் நிற்கும் மாமரத்து நிழலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருக்கும். ஆனால் மரத்தடியில் நாற்காலி போட்டு நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம். வீட்டுக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்தால் உச்சந்தலை காய்கிறது, சட்டை முதுகோடு ஒட்டுகிறது, காற்றாடியைக் கூட்டி வைத்தாலும் அடங்குவதில்லை. காற்றின் சூடு இரண்டு இடத்திலும் ஒன்றென்றால், உள்ளே நம்மைச் சுடுவது எது?

நெகிரி செம்பிலானில் லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: தகரம். சரியான பதில். இயற்பியலும் அதையேதான் சொல்கிறது, கொஞ்சம் கூடுதலாகக் கணக்குப் போட்டு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளம் கொஞ்சம் அதிகம், தேநீர் கலக்கிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

(ஏன் ஒன்றேகால் என்று கேட்பவர்களுக்கு: நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்தார்கள். அதிலிருந்து சிரம்பானில் உண்மையான உச்சிவேளை பெரும்பாலான நாட்களில் ஒரு மணியைத் தாண்டித்தான் வருகிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் அந்த நேரத்தில் வெளியே நின்றால் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். கூரை அதிகம் வாங்குவதும் அந்த நாட்களில்தான்.)

என் பிழைப்பு பொறியியல் மென்பொருளில் வெப்பக் கணக்குப் போடுவது. நீலாய் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு வேண்டிய உலர்த்தும் அடுப்பு, பெயிண்ட் காய வைக்கும் அறை, இந்த மாதிரி. ஒரு திடப்பொருளிலிருந்து இன்னொரு திடப்பொருளுக்கு, நடுவில் எதையும் தொடாமல் வெப்பம் எப்படிப் போகிறது என்பதுதான் அதில் பாதி வேலை. அடுப்புக்குப் போடும் அதே கணக்கை லயத்து வீட்டுக்குப் போட்டால் என்ன என்று ஒரு விடுமுறையில் ஆரம்பித்தேன். அடுப்பைவிட லயம் சிக்கலான பொருள் என்று போகப் போகத் தெரிந்தது.

வெப்பம் மூன்று வழியில் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம். தொட்டால் போவது, காற்றோ நீரோ தூக்கிக்கொண்டு போவது, கதிராகப் பாய்வது. மூன்றாவதைப் புரியவைக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தீமிதியைச் சொன்னால் போதும். குழியின் ஓரத்தில் நிற்கும்போது முகம் பொரிகிறது, முதுகு சும்மா இருக்கிறது. முன்னால் ஒருவர் வந்து நின்றால் சட்டென்று சூடு விலகுகிறது. நடுவில் இருக்கும் காற்று அந்த ஒரு நொடியில் ஆறிவிடவில்லை, கங்குக்கும் நமக்கும் இடையிலான நேர்க்கோடு மறைந்தது, அவ்வளவுதான். 600 டிகிரிக் கங்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 33 கிலோவாட் உமிழும். உச்சி வெயில் தருவது ஒரு கிலோவாட் அளவுதான்.

இதற்கு விதி சொன்னவர் வியன்னாவில் இருந்த யோசேப் ஸ்டெஃபான், 1879-இல். சூடான பிளாட்டினக் கம்பியை வைத்து ஜான் டிண்டல் செய்த அளவீடுகளைப் பார்த்து, உமிழும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது என்று கண்டுபிடித்தார். 1884-இல் அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் அதற்குக் கோட்பாட்டு ஆதாரம் கொடுத்தார். வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும். 65 டிகிரித் தகரத்தையும் 33 டிகிரித் தோலையும் செல்சியஸிலேயே நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் தகரம் தோலைப்போல் பதினைந்து மடங்கு உமிழ்வதாக வரும். கெல்வினில் ஏற்றினால் ஒன்றரை மடங்கு. நல்ல மென்பொருள் எது என்றாலும் உள்ளே கெல்வினுக்கு மாற்றிக்கொள்ளும். சொந்தமாக எக்செல்லில் போடுபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

65 டிகிரி எங்கிருந்து வந்தது? துருப்பிடித்த பழைய தகரத்தின் மேல் சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் விழுகிறது, அதில் எண்பது விழுக்காட்டைத் தகரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 720 வாட். வாங்கியதை எங்காவது கொடுத்தாக வேண்டும். மெல்லிய காற்று வீசினால் 65 டிகிரியில் 480 வாட் காற்றோடு போகிறது, வானத்தை நோக்கி 260 சொச்சம் கதிராகப் போகிறது. வரவும் செலவும் 64-ஐ ஒட்டிச் சமமாகின்றன. அந்த நேரத்தில் தகரத்தில் கை வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது.

65 டிகிரிப் பரப்பு உமிழக்கூடியது அதிகபட்சம் 740 வாட். நம் தோல் திருப்பி உமிழ்வது 497. வித்தியாசம் 243 வாட், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும். தலைக்கு மேல் தகரத்துக்குப் பதிலாக 36 டிகிரிச் சீலிங் பலகை இருந்தால் வித்தியாசம் 20 வாட். மாமரத்தடிக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே தலைக்கு மேலிருப்பது காற்றின் சூட்டிலேயே இருக்கும் இலை.

இதுவரை பேசியது கூரை நம்மை முழுக்கப் பார்க்கிறது, வேறெதுவும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு. உண்மையில் ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிரில் எத்தனை பங்கு இன்னொரு பரப்பில் போய் விழுகிறது என்று கணக்கிட வேண்டும். அதற்குப் பார்வைக் காரணி என்று பெயர். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண். மென்பொருள் நேரத்தைத் தின்பது இங்கேதான். மாடலின் பரப்பைப் பத்தாயிரம் சிறு துண்டுகளாக வெட்டினால், துண்டுக்குத் துண்டு பத்துக் கோடி ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று பார்க்கிறதா, நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆன்சிஸ் ஃப்ளூயண்ட் மாதிரி மென்பொருள்களில் இதற்கு இருக்கும் முறைகளில் ஒன்று கணினிப் படம் வரைபவர்களிடமிருந்து வந்தது. அரைக் கனசதுரம் ஒன்றைத் துண்டின் மேல் கவிழ்த்து, அதில் எதெது தெரிகிறது என்று பார்க்கும் முறை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோஹனும் டொனால்ட் கிரீன்பெர்க்கும் 1985-இல் வெளியிட்டார்கள். அறைக்குள் ஒளி எப்படிப் பரவும் என்பதும் வெப்பம் எப்படிப் பரவும் என்பதும் ஒரே கணக்குதான்.

கணினி இல்லாத காலத்தில் எம்.ஐ.டி.யில் இருந்த ஹாய்ட் ஹாட்டல் இதைக் கயிற்றை வைத்தே செய்யச் சொல்லிக்கொடுத்தார். நீளமான இரண்டு பரப்புகளின் ஓரங்களைக் குறுக்காக இணைக்கும் கயிறுகளின் நீளத்தைக் கூட்டு, நேராக இணைக்கும் கயிறுகளின் நீளத்தைக் கழி, மிச்சத்தை முதல் பரப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கால் வகு. முடிந்தது. மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம், நீளத்துக்கு எல்லையே இல்லை என்று ஒரு அறையை எடுத்தால் தரையிலிருந்து கிளம்பும் கதிரில் 41 விழுக்காடு கூரைக்குப் போகிறது என்று விடை வரும். நான் எந்தப் புதிய மென்பொருளைத் தொட்டாலும் முதலில் ஓட்டிப் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். 0.41 வரவில்லையென்றால் மேற்கொண்டு எதையும் நம்ப வேண்டாம்.

இங்கேதான் லயம் தன் குணத்தைக் காட்டியது.

பகாவ் பக்கம் இன்னும் ஆள் குடியிருக்கும் ஒரு பழைய லயத்தில் பெரியம்மா இருக்கிறார். டேப்பும் ராபியா கயிறும் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அறைக்குப் பத்தடிக்குப் பத்தடி. தகரம் சராசரியாகத் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம். நடுச்சுவரோ இரண்டு மீட்டரோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் கூரை வரை திறப்பு. பழைய லயங்களில் இப்படித்தான் கட்டுவார்கள் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டுக்கு மணக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை வரிசை முழுக்கக் கேட்கும்.

“எதுக்கும்மா மேல மேல பாத்து அளக்குற?” என்றார் பெரியம்மா.

“பக்கத்து வீட்டுத் தகரம் இங்கருந்து எவ்வளவு தெரியுதுன்னு பாக்குறேன் பெரியம்மா.”

“அதான் தெரியுதே. கரண்டு வராத காலத்துல, அவங்க வூட்ல வெளக்கு ஏத்துனா நம்ம வூட்ல ஏத்த வேண்டியதில்ல. அந்த வெளிச்சத்துலயே சோறு போட்டுச் சாப்புடுவோம்.”

தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூரையைத் தட்டையாக வைத்துக்கொண்டால், அறை நடுவில் தரையில் கிடக்கும் ஒரு சிறு பரப்பு மேல்நோக்கிப் பார்ப்பதில் 24 விழுக்காடு தன் வீட்டுத் தகரம். நடுச்சுவருக்கு மேலே இருக்கும் திறப்பு வழியாக இரண்டு பக்கத்து வீடுகளின் தகரமும் சேர்ந்து 7 விழுக்காடு. மிச்சமெல்லாம் சுவர். அதாவது தகரத்திலிருந்து நேராக வந்து விழும் கதிரில் கிட்டத்தட்ட கால்பங்கு அடுத்த வீட்டுக்காரர்களுடையது. பெரியம்மாவுக்கு விளக்கு வெளிச்சம் வந்த அதே வழியில்தான் அகச்சிவப்பும் வருகிறது. நீங்கள் மட்டும் செலவு செய்து உங்கள் கூரைக்கு வெள்ளை அடித்தாலும், அந்தக் கால்பங்கு அப்படியே இருக்கும்.

மென்பொருளின் மொழியில் இதை அடைப்பு என்பார்கள். எந்தெந்தப் பரப்புகள் சேர்ந்து ஒன்றையொன்று பார்க்கும் ஒரு மூடிய குடும்பம் என்று முதலில் சொல்ல வேண்டும். நான் ஒரு வீட்டை வரைந்துகொண்டு போனேன், ஆனால் அந்தக் குடும்பம் ஒரு வீடல்ல, முழு வரிசை. மூடிய அடைப்பில் ஒரு துண்டின் பார்வைக் காரணிகளையெல்லாம் கூட்டினால் ஒன்று வர வேண்டும். பின்லாந்தின் சி.எஸ்.சி. நிறுவனம் இலவசமாகத் தரும் எல்மர் மென்பொருளைத்தான் வீட்டு வேலைக்கு நான் எடுத்துக்கொண்டேன். அதில் பார்வைக் காரணிக்கென்று தனி நிரல் இருக்கிறது, ஓடும்போது இந்தக் கூட்டுத்தொகையைக் காட்டும். 0.93 என்று வந்தால் ஏழு விழுக்காடு கதிர் எங்கோ ஓட்டை வழியாகக் காணாமல் போகிறது என்று அர்த்தம். அது வரைபடத்தில் இருக்கும் விரிசலா, துண்டாக வெட்டிய வலையின் (மெஷ்) சொரசொரப்பா, இல்லை நிஜமாகவே திறந்திருக்கும் ஜன்னலா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல மென்பொருள்கள் கேட்காமலே அதை ஒன்றுக்குச் சரிசெய்துவிட்டு மேலே போய்விடும். படம் அழகாக வரும். சிவப்பும் மஞ்சளுமாக வரும் அந்தப் படத்தைப் பார்த்து மயங்குபவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. நான் அந்தப் படத்தைக் கடைசியில்தான் திறப்பது.

அடுத்தது உமிழ்திறன். சம சூட்டில் இருக்கும் இரண்டு பரப்பு ஒரே அளவு உமிழாது. கரி 0.95, சுண்ணாம்பு அடித்த சுவர் 0.9, மனிதத் தோல் 0.98 என்று போகும். பளபளக்கும் உலோகம் மிகக் குறைவு. அலுமினியத் தாள் 0.05. நாகம் பூசிய புதுத் தகரம் 0.23, வயதாகிச் சாம்பல் நிறமானது 0.28 என்று கைநூல் அட்டவணைகளில் இருக்கும். துரு ஏறிவிட்டால் எண் எங்கேயோ போய்விடும்.

மென்பொருளில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஓர் எண்ணைத் தட்டினால் வாங்கிக்கொள்ளும். கூரைக்கு ஓர் எண், சுவருக்கு ஓர் எண். ஆனால் பெரியம்மா வீட்டில் அண்ணாந்து பார்த்தால் கூரை ஒரே பொருளாக இல்லை. படுக்கும் அறைக்கு மேலே அடிப்பக்கம் சாம்பல் நிறம், ஆங்காங்கே ஆணியைச் சுற்றித் துரு. அடுப்படிக்கு மேலே தார் பூசினது மாதிரிக் கறுப்பு. கேஸ் அடுப்பு வருவதற்கு முன் பல வருடம் ரப்பர் விறகு எரித்த புகை அத்தனையும் தகரத்தில் படிந்து கெட்டியாகிவிட்டது. விரலால் தொட்டால் ஒட்டும்.

இந்த இரண்டு இடத்திலும் தகரம் 65 டிகிரிதான் என்று வைத்துக்கொண்டால், நேர் கீழே இருப்பவருக்கு அடுப்படியில் 231 வாட் வருகிறது, படுக்கையறையில் 68. ஒரே தகடு, ஒரே வெயில், மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். வேலை முடித்து வந்து மதியம் சமைத்த பெண்கள் எத்தனை தலைமுறை இதைத் தலையில் வாங்கியிருப்பார்கள்! அடுப்புச் சூடு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். அடுப்பு அணைந்த பிறகும் அங்கே நிற்க முடியாததற்குக் காரணம் மேலே இருந்தது.

தகரத்தின் நெளிவு இன்னொரு வேடிக்கை. நெளிவின் ஒரு பக்கம் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிறது. கிளம்பிய கதிரில் கொஞ்சம் தகரத்துக்கே திரும்புகிறது, அதில் ஒரு பங்கு மறுபடி வெளியே வருகிறது. தட்டையான தகரத்தைவிட நெளிதகரத்தின் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று வைத்துக் கணக்கிட்டால், 0.25 உமிழ்திறன் உள்ள தகரம் தூரத்திலிருந்து பார்க்க 0.29 மாதிரி நடந்துகொள்ளும். ஒவ்வொரு நெளிவையும் மெஷ் போட்டு வரைந்தால் கணினி படுத்துவிடும். தட்டையாக வரைந்து எண்ணை 0.29 என்று திருத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சரி, இந்த எண்களெல்லாம் நிஜமா என்று எப்படித் தெரியும்? கையில் பிடித்துச் சுடும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி நேராகத் தகரத்தைப் பார்த்துச் சுடாதீர்கள். மலிவான கருவிகள் பலவும் எதைப் பார்த்தாலும் உமிழ்திறன் 0.95 என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுபவை. பளபளப்பான தகரத்தைக் காட்டினால் அது தகரத்தின் சூட்டைச் சொல்லாது, தகரத்தில் தெரியும் தரையின் பிம்பத்தைத்தான் பெரும்பாலும் சொல்லும். மின்கம்பியில் சுற்றும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டைத் தகரத்தில் ஒட்டி, சூடு ஏறியதும் அந்தத் துண்டைச் சுட வேண்டும். டேப்புக்கும் பக்கத்தில் இருக்கும் தகரத்துக்கும் கருவி காட்டும் வித்தியாசத்திலிருந்து தகரத்தின் உமிழ்திறனையே கண்டுபிடித்துவிடலாம். கரி படிந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகக் காட்டும், டேப்பே தேவையில்லை.

ஆள் உணரும் சூட்டுக்கு இன்னும் எளிய கருவி உண்டு. ஒரு பிங்பாங் பந்தில் மங்கலான கறுப்பு பெயிண்ட் அடித்து, உள்ளே ஒரு சிறு தெர்மாமீட்டர் முனையைச் செருகித் தொங்கவிட வேண்டும். பக்கத்திலேயே சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று. மாமரத்தடியில் இரண்டும் அருகருகே நிற்கும். தகரத்தின் கீழே கறுப்புப் பந்து மேலே ஏறும். அந்த இடைவெளிதான் கதிர். செப்புக் கோளத்தை வைத்து 1930-இல் வெர்னான் என்பவர் செய்த கருவியின் ஏழை வடிவம் இது. வேலையிடத்து வெப்பத்தை அளக்க இன்றும் கறுப்புக் கோளம் பயன்படுகிறது. பெரியம்மா வீட்டுப் பேரப்பிள்ளைகள் அந்தப் பந்தைக் கழற்றி விளையாடாமல் பார்த்துக்கொள்வதுதான் சோதனையின் கடினமான பகுதி.

தீர்வைப் பற்றிக் கேட்பீர்கள். முதலில் சீலிங். 1966-இலும் பிறகு 1990-இலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வைத்துச் சட்டங்கள் வந்தன. பல தோட்டங்களில் பழைய லயம் போய்த் தனித்தனிக் கல்வீடுகள் வந்தன. கூரையைப் பார்த்துக்கொண்டு தூங்கும் நிலை பெரும்பாலும் மாறிவிட்டது. ஆனால் சீலிங் போட்டதோடு கதை முடிவதில்லை, கதிர் இப்போது தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் நடக்கிறது. துரு ஏறிய தகரம் 65 டிகிரி, பலகை 36 டிகிரி, இரண்டுக்கும் உமிழ்திறன் 0.9 என்றால் சதுர மீட்டருக்கு 182 வாட் பலகைக்கு இறங்கும். பலகை சும்மா இருக்காது, சூடேறி இரண்டாவது தகரமாக மாறப் பார்க்கும்.

அந்த இடைவெளியில் ஒரு பரப்பு மட்டும் 0.05 உமிழ்திறன் உள்ள அலுமினியத் தாளாக இருந்தால் 182 வாட் 11 ஆகிறது. பதினாறில் ஒரு பங்கு. பஞ்சு வேண்டாம், தடிமன் வேண்டாம், வெறும் தாள். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, தாளின் பளபளப்புப் பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். அந்தப் பக்கம் எதிலாவது ஒட்டிவிட்டால் அது தொட்டுக் கடத்த ஆரம்பித்துவிடும். இரண்டாவது, பளபளப்புப் பக்கம் கீழ்நோக்கி இருப்பது நல்லது. சீலிங் பலகை மேல் மல்லாக்க விரித்தால் முதல் வருடம் பிரமாதமாக இருக்கும். பிறகு செம்மண் தூசி படியும். தோட்டத்து லாட்டரைட் சாலையில் ஒரு லாரி போனாலே வீடெல்லாம் சிவப்பாகிவிடும் என்பது நமக்குத் தெரியாததா? தூசி படிந்த தாளின் உமிழ்திறன் தூசியினுடையதுதான். மென்பொருளில் 0.05 என்று போட்டுவிட்டு அதுவே பத்து வருடத்துக்கும் நிற்கும் என்று அறிக்கை எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாளைக் கைமரத்துக்கு அடியில் அடித்து, மினுக்குப் பக்கத்தைக் கீழே பார்க்க வைத்தால் தூசி உட்கார இடமே இல்லை.

மென்பொருளில் இன்னொரு நுணுக்கம். பரப்புக்குப் பரப்பு கணக்கிடும் சாதாரண முறை எல்லாப் பரப்பும் கதிரை நாலாபக்கமும் சமமாகச் சிதறடிக்கும் என்று எடுத்துக்கொள்ளும். அலுமினியத் தாள் அப்படியில்லை, கண்ணாடி போல் ஒரே திசையில் திருப்பும். இரண்டு பெரிய இணைப் பரப்புகள் என்றால் இரண்டு விதமாகப் போட்டாலும் ஒரே விடைதான், அதனால் கூரைக்கும் சீலிங்குக்கும் கவலையில்லை. மூலை முடுக்குள்ள அடுப்புக்குள் மினுக்குத் தகடு வைத்தால் அந்தச் சாதாரண முறை நம்மை ஏமாற்றும்.

இரவுக் கணக்குக்கு வானத்தின் வெப்பநிலை வேண்டும். கூரைக்கு மேலே இருப்பது காற்று மட்டுமல்ல, வானமும்தான், அது காற்றைவிடக் குளிர்ச்சியானது. ஃப்ளூயண்ட்டில் எதுவும் மாற்றாமல் விட்டால் வெளிக்கதிருக்கு 300 கெல்வின் இருக்கும், அதாவது 27 டிகிரி. ஆன்சிஸ் மெக்கானிக்கலில் 22. நெகிரி செம்பிலானுக்கு 27 கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேகமில்லாத இரவில் வானம் கதிருக்கு 14, 15 டிகிரி போல நடந்துகொள்ளும். அதைச் சரியாகக் கொடுத்தால் விடியற்காலையில் தகரம் காற்றைவிட மூன்று நான்கு டிகிரி கீழே இறங்குவது தெரியும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது போதும், தகரத்தின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். மழையே இல்லாத இரவில் பாய் நனைந்ததற்குக் காரணம் ஓட்டைக் கூரை என்று சண்டை போட்டவர்கள் உண்டு. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அதிகம் சொட்டும். தகரத்துக்கு முந்தைய அத்தாப்புக் கூரையில் இந்தத் தொல்லை இல்லை. ஓலையின் தடிமனில் மேற்பக்கத்துச் சூடும் குளிரும் அடிப்பக்கத்துக்கு வந்து சேர்வதே சிரமம். மழைக்கும் நெருப்புக்கும் அது தாங்காது என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் காற்று கதிரை மறிக்காது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்பைக் கண்டுகொள்வதில்லை. மூன்று மீட்டர் அறையில் ஈரப்பதம் கொஞ்சம் விழுங்கும், ஆனால் பெரிதாக இல்லை. செம்பனை ஆலைப் பாய்லரில் கதை வேறு. நாரும் ஓடும் எரியும்போது கரியமில வாயு, நீராவி, புகைக்கரி மூன்றும் சேர்ந்து தாங்களே கதிரை விழுங்கி, தாங்களே உமிழும். அங்கே பரப்புக்குப் பரப்பு கணக்கு செல்லாது, வாயுவையும் சேர்த்துத் திசை திசையாகக் கதிரைப் பின்தொடரும் முறைக்குப் போக வேண்டும். ரப்பர் ஷீட் காயவைத்த புகைக்கூடம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சூடு அறுபது டிகிரியைத் தாண்டாது, ஆனால் உள்ளே முழுக்கப் புகை. கொடியில் வரிசையாகத் தொங்கும் ஷீட் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் இருப்பது ஓரத்தில் இருப்பதைவிடத் தாமதமாகக் காயும் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். காரணம் புகையோட்டமா, பார்வைக் காரணியா என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை.

அதற்கு முன் லயத்துக் கணக்கை முடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது மூன்று அளவுதான்: தரையிலிருந்து நடுச்சுவர் எவ்வளவு உயரம், கூரையின் தாழ்ந்த விளிம்பும் முகடும் எவ்வளவு உயரம், அறையின் அகலம். சிரம்பான், ஜெலுபு, ரெம்பாவ், தம்பின், போர்ட்டிக்சன் எந்தப் பக்கமானாலும் சரி, பழைய லயம் இடிபடாமல் நிற்கும் இடத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அளந்து பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுப்படித் தகரத்தின் அடிப்பக்கம் என்ன நிறம் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.